சனசமூக நிலையத்தின் தொடக்க வரலாற்றை எழுதுவது எப்படி

உங்கள் ஊர் சனசமூக நிலையத்துக்கு மலர் போடப் போகிறீர்கள், முதல் தலைவரைப் பற்றியும் எழுத வேண்டும். சரி, முதலில் பழைய கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் தேடுங்கள். வன்னியில் யாரைக் கேட்டாலும் 2009இல் எல்லாம் போய்விட்டது என்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் பழைய செயலாளரின் மனைவி காணி உறுதிகளோடு சேர்த்து உரப்பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவித் திரிந்த ஒரு கொப்பி வெளியே வந்தது. முதல் நாலு பக்கம் கறையான் தின்றது. ஐந்தாம் பக்கத்தில் முதல் கொட்டிலுக்குக் கிடுகு தந்தவர்களின் பெயர்கள், யார் எத்தனை என்ற கணக்கோடு.

தலைவருக்கு அவருடைய கல்வெட்டைத் தேடுங்கள். அவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அடித்த அந்தச் சிறு நினைவுப் புத்தகம் கனடாவில் ஒரு பேத்தியின் அலுமாரியில் இருக்கலாம். பிறந்த திகதி, உறவுமுறை, சொந்த ஊர் எல்லாம் அதிலிருந்து எடுக்கலாம். ‘ஊரை உருவாக்கியவர்’ என்ற வரிக்கு மட்டும் வேறு சாட்சி வேண்டும்.

கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முந்திய கடிதங்களில் யாழ்ப்பாணக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வயதானவர்களிடம் எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. “64 புயலுக்கு முந்தியா பிந்தியா, அம்மா?” என்று கேளுங்கள். 77 கலவரத்தோடு மலையகத்திலிருந்து சனம் வந்து குடியேறின பிறகா என்று கேளுங்கள். உடனே சொல்வார்கள்.

அப்புறம், ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறீமேசன்கள் என்ற பழைய சகோதரத்துவ அமைப்பினரின் கதையைப் பாருங்கள்: 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நாலு சங்கங்கள் கூடி அந்தோனி சேயரை முதல் பெருந்தலைவராகத் தெரிந்தன என்பார்கள், ஆனால் அவர்களுடைய கூட்டக் குறிப்பு தொடங்குவது 1723இல், அந்தத் தொடக்கக் கதையை அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் அண்டர்சன் அச்சில் போட்டது 1738இல். அந்த 1717 சரிதானா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இத்தனைக்கும் அந்தப் பிறீமேசன்கள் எங்களைப் போல யுத்தத்தில் ஊர்விட்டு ஓடவில்லை.

படம் கிடைத்தால் நிற்பவர், இருப்பவர் பெயர்களை அன்றைக்கே கேட்டு எழுதுங்கள், அடுத்த மழைக்குள் சொல்ல ஆள் இருக்காது.

அச்சுக்குக் கொடுக்கு முன் ஒரு பின்னேரம் நிலையத்தில் வைத்து முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். கண் தெரியாத அம்மாமாரையும் கூட்டி வாருங்கள், அந்தக் கிடுகைப் பின்னியது அவர்கள்தான்.