டிரஃபால்கர் 2005 தங்க நாணயம்: வாங்கும் முன் சோதிப்பது எப்படி

1805 அக்டோபர் 21. ஸ்பெயினின் டிரஃபால்கர் முனைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 27 போர்க்கப்பல்கள், பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து நிறுத்திய 33 கப்பல்களை முறியடித்தன. அதன் இருநூறாம் ஆண்டுக்காக 2005இல் பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் இரண்டு ஐந்து பவுண்டு நாணயங்களை வெளியிட்டது. ஒன்றில் போர்க்காட்சி: விக்டரி, டெமரேர் என்ற இரு கப்பல்கள், வடிவமைத்தவர் கிளைவ் டங்கன். மற்றொன்றில் ஜேம்ஸ் பட்லர் செதுக்கிய நெல்சனின் உருவம். இரண்டுக்கும் முன்பக்கம் இயன் ரேங்க்-பிராட்லி வடித்த எலிசபெத் அரசியின் தலை. "டிரஃபால்கர் நாணயம்" என்று விளம்பரத்தில் வந்தால் இவற்றில் எது என்று முதலில் கேளுங்கள். கப்பல் காட்சிதான் வேண்டும் என்றால் பின்பக்கப் படத்தைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அடுத்து உலோகம். ஒரே படம் செப்பு-நிக்கல், வெள்ளி, தங்கம் என மூன்றிலும் அடிக்கப்பட்டது. மூன்றுக்கும் விட்டம் 38.61 மில்லிமீட்டர். செப்பு-நிக்கலும் வெள்ளியும் 28.28 கிராம், 22 காரட் தங்க ப்ரூஃப் (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடித்தது) 39.94 கிராம். பலர் ஏமாறுவது இங்கேதான். செப்பு-நிக்கல் நாணயத்துக்கோ வெள்ளி நாணயத்துக்கோ தங்க முலாம் பூசி, "தங்க நாணயம்" என்றே விற்கிறார்கள். படத்தில் கண்டுபிடிக்க முடியாது, தராசில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தராசில் வைத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள். எண் தெளிவாகத் தெரிய வேண்டும், கேப்ஸ்யூலோடு (நாணயத்தை மூடி வைக்கும் பிளாஸ்டிக் கூடு) எடுத்த எடை செல்லாது. இதற்குத் தயங்குபவரை விட்டுவிடலாம்.

முக மதிப்பே இல்லாத, "24 காரட் பூச்சு" என்று சின்ன எழுத்தில் போட்ட டிரஃபால்கர் பதக்கங்களும் சந்தையில் ஏராளம். அவை தனியார் தயாரிப்புகள். நாணயம் என்றால் ஐந்து பவுண்டு மதிப்பு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எடை மட்டும் பொருந்தினால் போதாது. எடை, விட்டம், கனஅளவு மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 17.6 கிராம். அப்படியென்றால் 39.94 கிராம் நாணயம் பிடிக்கும் இடம் சுமார் 2.27 கன சென்டிமீட்டர். அதே எடையையும் அதே விட்டத்தையும் வெள்ளியில் கொண்டுவர வேண்டுமானால் தடிமன் ஏறக்குறைய 1.7 மடங்காக வேண்டும். ஈயத்தில்கூட ஒன்றரை மடங்குக்கு மேல். கண்ணுக்கே தெரிந்துவிடும். தப்பிக்கக்கூடிய ஒரே மலிவான உலோகம் டங்ஸ்டன், அதன் அடர்த்தி தங்கத்தை ஒட்டியது. ஆனால் டங்ஸ்டன் மிகக் கடினமானது, உடையக்கூடியது. அச்சின் கீழ் வைத்து அடித்துப் படம் பதிக்க முடியாது. மேலே தங்க ஓடு போர்த்தித்தான் செய்ய வேண்டும். பாய்மரக் கயிறுகள், எழுத்தின் ஓரங்கள் போன்ற நுண்ணிய இடங்களில் அது மழுங்கிக் காட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸ்) முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கயிறுகளைத்தான்.

கனஅளவை வீட்டிலேயே அளக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: கேப்ஸ்யூலில் பழுதில்லாமல் இருக்கும் ப்ரூஃப் நாணயத்துக்கு இதைச் செய்யவே கூடாது. ஏற்கெனவே வெளியே உருண்டு, கைபட்டு, கீறல் விழுந்த நாணயத்துக்கு மட்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் காய்ச்சி வடித்த நீருள்ள டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் நாணயத்தைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக நீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன சென்டிமீட்டர். அது 2.23 முதல் 2.29 வரை இருந்தால் 22 காரட்டோடு ஒத்துப்போகிறது. 2.7, 3.1 என்று ஏறினால் வெள்ளியோ செப்பு-நிக்கலோ. நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். மெல்ல அசைத்து விரட்டிவிட்டு மறுபடி படியுங்கள். எடுத்ததும் துடைக்காதீர்கள், மென்மையான துணியில் ஒற்றியெடுங்கள்.

காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். வெள்ளி, செம்பு, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி என்பது உறுதி, ஒட்டாததால் எதுவும் நிரூபணமாகாது. நகைக்கடையில் எக்ஸ்-கதிர் கருவியில் காரட் பார்ப்பதும் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றும். உரைகல்லில் உரச மட்டும் யாரையும் விடாதீர்கள், சேகரிப்பு மதிப்பு அங்கேயே போய்விடும்.

இன்னொரு எளிய சோதனை: அரசியின் தலை நிமிர்ந்திருக்க, பக்கவாட்டில் புத்தகப் பக்கம்போலத் திருப்புங்கள். பின்பக்கக் கப்பல்களும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் பிரிட்டிஷ் அடிப்பு முறை இல்லை. பெட்டியும் சான்றிதழும் தனியாகவே விற்பனைக்குக் கிடைப்பதால், அவை இருப்பது நாணயத்துக்குச் சாட்சியாகாது. என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற நாணயத் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் ஸ்லாபில் (எண்ணிட்டு முத்திரையிட்ட பிளாஸ்டிக் பேழை) இருந்தால் அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் கையிலுள்ள நாணயத்தின் சின்னச் சின்னக் குறிகளோடு ஒப்பிடுங்கள். ஸ்லாபிலும் போலி உண்டு.

விலைக்கு அடிப்படைக் கணக்கு இது. 39.94 கிராமில் சுத்தத் தங்கம் 36.61 கிராம். அன்றைய 24 காரட் கிராம் விலையை இதனால் பெருக்குங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 3,66,100 ரூபாய் தங்கத்துக்கே. அதற்கு மேல் கேட்பது சேகரிப்பு மதிப்பு. அதைக் கேட்கிற விலையிலிருந்து முடிவு செய்யாமல், ஏலங்களில் உண்மையில் விற்றுப்போன விலைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தங்க மதிப்பைவிட வெகு குறைவாகத் தருகிறேன் என்பவரிடம் பேச்சையே தொடராதீர்கள்.

ப்ரூஃப் நாணயத்தின் மதிப்பு முழுக்க அதன் கண்ணாடிப் பளபளப்பில் இருக்கிறது. மெருகேற்றிய அச்சால் அடிக்கப்பட்ட அந்தப் பரப்பில் துணியால் ஒருமுறை தேய்த்தாலே மயிரிழைக் கோடுகள் விழும், அவை மறையாது. தொட வேண்டியிருந்தால் மெத்தையான விரிப்பின் மேல், விளிம்பை மட்டும் பிடியுங்கள். 22 காரட்டில் மீதியுள்ள உலோகம் பெரும்பாலும் செம்பு என்பதால் சில நாணயங்களில் சிவப்புப் புள்ளி தோன்றலாம். அதை நீக்க முயன்று கெட்டவை, புள்ளியால் கெட்டவற்றைவிட அதிகம். பிவிசி உறையில் வைக்காதீர்கள், அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு பரப்பில் படியும். அளவுக்குப் பொருந்தும் அக்ரிலிக் கேப்ஸ்யூல், சிலிக்கா ஜெல் பொட்டலம், வெப்பம் ஏறி இறங்காத இடம் போதும்.

பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஒரு வசதி: இது சட்டப்பூர்வ பிரிட்டிஷ் நாணயம் என்பதால் விற்று வரும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பவர்கள், தங்கத்தின் மீதான இறக்குமதி வரியையும் கூரியரில் தங்கம் அனுப்பலாமா என்பதையும் பணம் கட்டும் முன்பே சுங்கத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கும்போது உள்ளூர் நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே உருக்கு விலைதான் தருவார்கள். நாணய ஏல நிறுவனத்திடம் கேப்ஸ்யூலோடு, பெட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து, முழு மதிப்புக்கும் காப்பீடு செய்து அனுப்புங்கள்.