இணையக் கடையின் கட்டமைப்பு: கேட்க மறப்பதால் நேரும் தவறுகள்

இணைய வணிக மென்பொருளின் கட்டமைப்பைத் திட்டமிடும்போது முதல் தவறு சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதைப் 'பங்குதாரர்' என்று எழுதிப் பழகியதால், பணம் போட்டவரை மட்டும் கேட்டுவிட்டுத் தேவைகளின் பட்டியலை முடித்துவிடுகிறோம். மென்பொருள் கட்டமைப்பை விவரிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 42010 என்னும் பன்னாட்டுத் தரநிலையோ அமைப்பின்மீது அக்கறை உடைய எல்லோரையும் இச்சொல்லுக்குள் அடக்குகிறது. 'தொடர்புடையோர்' என்பதே பொருத்தம்.

ஒரு ஜவுளிக் கடைக்கு நாங்கள் செய்த பணியில் முதலாளி கேட்டவை அழகும் வேகமும். கிடங்கில் சேலை அடுக்குபவரிடம் நாங்கள் பேசவே இல்லை. கைத்தறிப் பட்டில் ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் ஒரே சேலைதான் இருக்கும் என்பதும், இணையத்தில் படம் ஏறிய அதே சேலையைக் கடையிலும் விரித்துக் காட்டுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கள் மென்பொருளோ கடையின் இருப்பை இரவில் ஒருமுறைதான் சரிபார்த்தது. தீபாவளி நெருக்கத்தில், பகலில் கடையில் விற்றுப்போன சேலைகளுக்கு மாலையில் இணையத்திலும் பணம் வாங்கிவிட்டோம். அவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால், வாடிக்கையாளர் பணம் செலுத்தத் தொடங்கியதுமே சேலையை இரு இடத்திலும் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு முதல் வரைபடத்திலேயே இருந்திருக்கும். பிறகு அதைச் சேர்க்க இருப்புக் கணக்கு முழுவதையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

"எப்போதும் இயங்க வேண்டும்" என்பதை அளவின்றி ஏற்பது மற்றொரு தவறு. 99.9 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் 53 நிமிடம்தான். பின்னதற்கு மாற்றுச் சர்வர்களும் தரவுத்தளத்தின் நகல்களும் வேண்டும் என்பதால், செலவையும் சேர்த்துச் சொல்லித்தான் முதலாளியின் முடிவைக் கேட்க வேண்டும்.

கூட்டத்துக்கே வராத தொடர்புடையோரும் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய நிறுவனமும் விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு விவரங்களைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விற்பனைப் பிரிவு விரும்பினாலும் கடையின் தரவுத்தளத்தில் கார்டு எண்ணுக்கு இடமில்லை, அதற்குப் பதிலான மாற்றுக் குறியீடாகிய டோக்கன்தான்.

எல்லோரையும் கேட்ட பிறகும் முரண்கள் எஞ்சும். சேலையை ஒதுக்கிவைக்கும் நேரம் நீண்டால் கடைக்கு நேரில் வந்தவர் வெறுங்கையுடன் போவார். குறுகினால் இணையத்தில் வாங்குபவருக்கு ஓ.டி.பி. வருவதற்குள் சேலை கைமாறிவிடும். இதை நிரலாளர் தாமாகவே ஓர் எண்ணை எழுதித் தீர்ப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். கடைப் பொறுப்பாளரையும் இணைய விற்பனையைப் பார்ப்பவரையும் ஒன்றாக உட்காரவைத்து, எத்தனை நிமிடம் என்பதோடு, யார் எதற்காக விட்டுக்கொடுத்தார் என்பதையும் ஆவணத்தில் பதிய வேண்டும்.