ரோட்டர் மாத்துறதுக்கு முன்னாடி ஃப்ளூயிட பாருங்க
பெங்களூர்ல வீக்எண்டுக்குன்னே ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க, நந்தி ஹில்ஸ் இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதுன்னு உடனே ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்க ஜேசி ரோடுக்கு ஓடி பெரிய ரோட்டர், அதாவது பிரேக் டிஸ்க், தேடாதீங்க, முதல்ல பிரேக் ஃப்ளூயிட மாத்துங்க, அது காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், டாட் 4 ரக ஃப்ளூயிடு புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா அந்த கொதிநிலை 155 வரைக்கும் இறங்கிடலாம், கொதிச்சா உள்ள குமிழி வந்து பெடல் அமுங்கும். பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலன்னாத்தான் ரோட்டர கவ்விப் பிடிக்கிற பேடு மேல சந்தேகப்படணும்.

அதுக்காக ரேஸ் பேடு வாங்கிடாதீங்க, நல்லா சூடானாத்தான் பிடிக்கும், சில்க் போர்டு டிராஃபிக்ல எங்க சூடாகுறது! ஸ்ட்ரீட் பெர்ஃபார்மன்ஸ் பேடே தாராளம். ஓட்டை போட்ட ரோட்டர் பாக்க கெத்துதான், ஆனா டிராக்ல அடிச்சு ஓட்டினா ஓட்டைய சுத்தி விரிசல் விடும், என் ஓட்டு ஓட்டை இல்லாம, நடுவுல காத்து போக இடைவெளி விட்ட ப்ளெயின் வென்டிலேட்டடுக்குத்தான். ரோட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி அது உக்கார்ற ஹப்ல இருக்க துருவ வயர் பிரஷ்ல தேய்ச்சு எடுக்கச் சொல்லுங்க, மெக்கானிக் அண்ணன் மொறைச்சாலும் பரவால்ல, இல்லன்னா பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடும்.

அப்புறம் பெட்-இன், அதாவது புது பேடையும் ரோட்டரையும் ஒன்னோட ஒன்னு பழக்குறது. காலி ரோட்ல 80 கிமீ வேகத்துலேர்ந்து 10 வரைக்கும் எட்டு பத்து தடவ பிரேக் போடுங்க, முழுசா நிறுத்தாம, கடைசில பிரேக்க தொடாம ஓட்டி ஆற விடுங்க. பேடு கம்பெனி வேற முறை சொல்லியிருந்தா அதையே பண்ணுங்க.