சட்ட மாணவர்களைப் பொதுச்சேவைக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கோயில் விழாவிலோ சங்கக் கூட்டத்திலோ ஒரு சட்ட மாணவரைப் பார்த்துவிட்டால் பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "நல்லா சம்பாதி." இன்னொன்று, "ஏழை எளியவங்களுக்குப் பாடுபடு." இரண்டாவதைச் சொல்பவர்களில் அதை எப்படிச் செய்வது, யாரிடம் போய்க் கேட்பது என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. ஏழைக்காகச் சட்டப்பணி செய்ய நல்ல மனம் மட்டும் போதாது. அதற்குப் பழக்கம் வேண்டும், மேலே ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், மாதச் செலவுக்கு வழி வேண்டும். இந்த மூன்றையும் பற்றிப் பேசாமல் பிள்ளையை அனுப்பினால், ஆர்வம் இரண்டே ஆண்டில் வடிந்துவிடும். பேராசிரியர்கள், மூத்த அட்டர்னிகள் (வழக்கறிஞர்கள்), பெற்றோர், சங்க நிர்வாகிகள் எல்லோருமாகச் சேர்ந்து செய்யும் தவறுகள் இவை.

முதல் தவறு, பெரிய பெயர்களை மட்டும் காட்டுவது. நவி பிள்ளையைச் சொல்லாமல் நம் ஊரில் எந்தச் சட்ட மாணவருக்கும் வாழ்த்துரை முடிவதில்லை. சொல்ல வேண்டியதுதான். 1941இல் டர்பனின் கிளேர்வுட்டில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர், அக்கம்பக்கத்தார் சேர்த்துக் கொடுத்த பணமும் கைகொடுக்கப் படித்தவர், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர். ஆனால் அவர் 1967இல், டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்தில் தனி அலுவலகம் திறந்து, அடுத்த பல ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து செய்த வேலையை யாரும் விரித்துச் சொல்வதில்லை. பிள்ளைக்குத் தெரியவேண்டியது அந்த ஆண்டுகள்தான். கடைசிப் பதவியை மட்டும் காட்டினால், தினப்படி வரும் ஜீவனாம்ச விண்ணப்பமும் வாடகைத் தகராறும் அற்பமாகத் தெரியும்.

இதே காரணத்துக்காக, காந்தியைச் சொல்வதானால் பாலசுந்தரம் வழக்கைச் சொல்லுங்கள். 1894, டர்பன். காந்தி அங்கே தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர் ஒருவர் கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய வந்து நின்றார். முதலாளி அடித்திருந்தார். காந்தியிடம் எழுத்தராக இருந்த தமிழர்தான் அவர் சொன்னதைக் கேட்டு எடுத்துச் சொன்னார். அடுத்து நடந்ததை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பினார், காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார், அதற்கப்புறம்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனார். முதலாளியைச் சிறைக்கு அனுப்புவதும் அவர் நோக்கமாக இருக்கவில்லை. வேலையை விட்டு ஓடினால் கூலிக்காரர்தான் குற்றவாளி ஆவார் என்று அன்றைய சட்டம் சொன்னது. அதைப் படித்துப் பார்த்து, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றும் வழியைத் தேடினார், அந்த முதலாளியையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். காயத்தை ஆவணமாக்குவது, சட்டத்தைப் படிப்பது, கட்சிக்காரருக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்ப்பது: சட்ட உதவி மையத்தில் இன்றைக்கும் வேலை இதுதான். அந்த ஊரில் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதமே ஆன ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது என்பது ஒரு மாணவருக்கு எவ்வளவு தெம்பு தரும்!

இரண்டாவது தவறு, பொதுச்சேவை என்றால் சம்பளம் கிடையாது என்ற நினைப்பை வளர்ப்பது. கல்விக்கடன் தலைக்குமேல் இருக்கும் வீட்டில், தம்பி தங்கை இன்னும் படிக்கும் வீட்டில், இந்த ஒரு நினைப்பே பிள்ளையைத் திருப்பிவிடப் போதும். அரசு நிதியில் நடக்கும் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா நிறுவனம் கேண்டிடேட் அட்டர்னிகளை, அதாவது பயிற்சி வழக்கறிஞர்களை, சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்சி தருகிறது. அரசு வழக்குத் தொடர்வுத் துறையில் பயிற்சி வழக்குரைஞர் இடங்கள் உண்டு. அரசு அட்டர்னி அலுவலகம், மனித உரிமை ஆணையம், அரசு நிர்வாக முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் அலுவலகம், நீதிபதிகளிடம் ஆய்வு எழுத்தர் வேலை எல்லாமே சம்பள வேலைகள். பெரிய தனியார் நிறுவனம் தருவதைவிடக் குறைவாக இருக்கலாம், சரி. அந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பேசலாமே. தியாகம் என்ற வார்த்தையைச் சொல்லிப் பிள்ளையை வாயடைக்க வேண்டாம்.

லீகல் எய்ட் வேலையில் பெரும்பகுதி குற்றவியல் வழக்குகள். "திருடனுக்கா வாதாடப் போறே?" என்று வீட்டில் ஆயா (பாட்டி) கேட்பார். இந்தக் கேள்விக்குப் பிள்ளை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு, வழக்கறிஞர் இல்லாவிட்டால் பெரும் அநீதி நேரும் என்ற நிலையில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரச் சொல்கிறது. குற்றவாளி யார் என்று தீர்ப்புக்கு முன்னால் யாருக்கும் தெரியாது என்று ஆயாவிடம் மரியாதையாகச் சொல்லத் தெரிந்தால் அதுவே நல்ல முதல் வாதம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "ஜெயித்தால்தான் ஃபீஸ்" என்று சொல்லும் அட்டர்னி சேவை செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1997ஆம் ஆண்டின் கன்டின்ஜென்சி ஃபீஸ் சட்டத்தின்படி நடக்கும் வியாபார ஏற்பாடு; பண வழக்கில் கூடுதல் கட்டணம் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதில் தவறில்லை. ஆனால் அது புரோ போனோ, அதாவது கட்டணம் வாங்காமல் செய்யும் சட்டப்பணி, ஆகாது.

மூன்றாவது தவறுதான் மிகவும் ஆபத்தானது: மேற்பார்வை இல்லாமல் மாணவரை ஆலோசனை சொல்ல வைப்பது. டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில், டொங்காட்டில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு "இலவச சட்ட உதவி" என்று எழுதி ஒட்டுகிறோம். இரண்டாம் ஆண்டு மாணவர் உட்கார்ந்திருப்பார். அட்டர்னி ஒருவர் "வருவார்" என்று சொல்லியிருப்பார்கள். அங்கே வேலையை இழந்த ஒரு பெண்மணி வருகிறார் என்று வையுங்கள். மாணவர் அக்கறையாகக் கேட்டு, "கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கக்கா, பதிலுக்குக் காத்திருப்போம்" என்கிறார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நியாயமற்ற பணிநீக்கத்தைச் சி.சி.எம்.ஏ. என்னும் தொழில் தகராறு ஆணையத்துக்கு 30 நாட்களுக்குள் கொண்டுபோக வேண்டும். சனி, ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். 7.11 என்ற படிவத்தை முதலில் முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியோடு ஆணையத்தில் கொடுக்க வேண்டும். அந்த அக்கா தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்றால், போகவேண்டிய இடமே வேறு: ஆடைத் தொழிலுக்கென்று முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த தனி பார்கெய்னிங் கவுன்சில் இருக்கிறது. கடிதத்துக்குப் பதில் வரும் என்று காத்திருந்து நாள் கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே மண்டபத்து மேசையில் மாணவரின் வேலை கேட்பதும் எழுதிக்கொள்வதும் தேதிகளைக் குறிப்பதும்தான். பதிலைச் சொல்ல அட்டர்னி பக்கத்தில் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் போனிலாவது கிடைக்க வேண்டும். அட்டர்னி வரவில்லையா, அன்றைக்கு ஆலோசனை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போகிறபோக்கில் பதில் சொல்வதற்கும் இதே விதி.

நம் வீட்டு விஷயங்களிலும் அரைகுறை அறிவு நிறையக் கெடுக்கும். தாலி கட்டி ஊரறியக் கல்யாணம் நடந்திருக்கும், பதிவு செய்திருக்க மாட்டார்கள். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், "பதிவு இல்லை, அதனால் உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிற மாணவர்கள் உண்டு. கோவெந்தர் எதிர் ராகவய்யா வழக்கில் டர்பன் உயர்நீதிமன்றம், இப்படி இந்து முறைப்படி ஒருதாரமாக மணந்த மனைவியும் உயிலில்லாச் சொத்துரிமைச் சட்டத்தில் வாழ்க்கைத்துணைதான் என்று தீர்ப்பளித்தது. அதையும் அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. அதற்கு முன்பு வந்த சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில், பதிவில்லாத இந்துத் திருமணத்தை விவாகரத்துச் சட்டத்துக்குள் கொண்டுவர நீதிமன்றம் மறுத்திருந்தது. இந்த இரண்டையும் படித்த மாணவர், விதவையான ஒரு பெண்ணைக் கையை விரித்து அனுப்ப மாட்டார்.

எல்லாம் கோர்ட்டில்தான் தீரும் என்று நினைக்க வைப்பதும் தவறு. 20,000 ரேண்ட் வரையிலான பணக் கோரிக்கை சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அட்டர்னி ஆஜராகவே முடியாது. வழக்குக்காரர் தானே பேச வேண்டும். ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, ஒருமுறை பேசிப் பார்க்க வைத்தால் அது முழுமையான சேவை. அங்கே தீர்ப்புச் சொல்லும் கமிஷனர்களும் சம்பளமில்லாமல் உட்காரும் வழக்கறிஞர்கள்தான். 2014ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சமூகச் சேவையாக எண்ணும் பணிகளில் இதையும் சேர்த்திருக்கிறது.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கஷ்டமானது. "நம்ம ஆளுங்களுக்கு உதவு" என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதற்குப் பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஃபீனிக்ஸ் பிள்ளை பக்கத்து இனாண்டாவில் இருந்து வரும் ஒரு அம்மாவின் ஓய்வூதிய மேல்முறையீட்டை எடுத்துச் செய்ய வேண்டும், செய்யும் தகுதியோடும் இருக்க வேண்டும். அதற்குச் சூலு மக்களின் மொழியான இசிசூலு தெரிய வேண்டும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் அந்த மொழி தெரியாத மாணவர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாக்கியது. பிள்ளைகள் அதைத் தேறிவிட்டால் போதும் என்று கடந்துவிடுகிறார்கள். கட்சிக்காரர் அழுதுகொண்டே சொல்வதைப் பின்தொடரும் அளவுக்குக் காது பழக வேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டும்.

தோல்விக்குத் தயார்படுத்தாமல் விடுவது இன்னொன்று. சூப்ரமணி வழக்கை எல்லாச் சட்ட மாணவரும் படிக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த டர்பன்காரர் ஒருவர் அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். அரசியல் சட்ட நீதிமன்றம் 1997 நவம்பரில் மறுத்தது. தீர்ப்புக்குப் பின் விரைவில் அவர் இறந்துபோனார். தேர்வுக்கு அதன் சட்டக் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தத் தீர்ப்பன்று அவருடைய வழக்கறிஞர் அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வகுப்பிலாவது பேசலாம். சட்ட உதவி மையத்தில் மாணவருக்கு முதல் தோல்வி வரும் நாளில், கூட உட்கார்ந்து பேச ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். இதற்கு ஒரு ரேண்ட் செலவில்லை.

கடைசியாக, கோப்பைக் கைமாற்றும் விஷயம். மாணவர் நவம்பரில் தேர்வு எழுதிப் போய்விடுவார். டிசம்பரில் பல்கலைக்கழகம் மூடிக்கிடக்கும். கட்சிக்காரரின் காலக்கெடுவுக்கு விடுமுறை கிடையாது. போலீஸ் தவறாகக் கைது செய்ததற்கு இழப்பீடு கேட்பதானால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். ஆகஸ்டில் ஒருவர் வந்து சொன்னதை யாரும் தொடராமல் விட்டால், பிப்ரவரியில் புது மாணவர் கோப்பைத் திறக்கும்போது கெடு முடிந்திருக்கலாம். எனவே ஒரு பிள்ளையை எந்த மையத்துக்கு அனுப்பும் முன்பும் அங்கே இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் கடைசித் தேதி எழுதியிருக்கிறதா, விடுமுறையில் அதைப் பார்ப்பவர் பெயர் என்ன, அந்தப் பெயரும் போன் எண்ணும் கட்சிக்காரர் கையில் இருக்கிறதா?