திரும்பிப் போன உதவித்தொகையை மீட்ட கதை

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். தர்மபுரி பக்கம் பைசுஅள்ளியில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக மையத்தில் முதுகலை சேர்ந்தபோது ஒரு அறக்கட்டளை கல்வி உதவித்தொகைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, கட்டணம் கட்ட வேறு வழியே இல்லை. அனுப்பிய பணமோ வங்கி வரை போய் அப்படியே திரும்பிவிட்டது. காரணம் தெரியவே இரண்டு வாரம் ஆனது: எட்டாம் வகுப்பில் அப்பாவைக் கார்டியனாகப் போட்டுத் திறந்த கணக்கு அது, 18 வயது முடிந்ததும் நான் புதிதாகக் கையெழுத்து கொடுத்து மேஜர் (வயதுவந்தோர்) கணக்காக மாற்றியிருக்க வேண்டுமாம், யாரும் சொல்லவில்லை, அதனால் முடக்கி வைத்திருந்தார்கள்.

சரி என்று ஆதார், பான், போட்டோவோடு கிளைக்கே போய் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) படிவம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அண்ணனை 10 ரூபாய் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், ஏறியது. அப்புறம்தான் பாஸ்புக் முதல் பக்க நகலை வைத்து அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன். மார்ச் 31 நிதியாண்டுக் கணக்கு முடிப்புக்கு முன்பே எழுதியதால் அதே ஆண்டிலேயே மறுபடி அனுப்பிவிட்டார்கள், மனசார நன்றி.

இன்னொன்று, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கேட்கும் வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவையில் 60 ரூபாய்தான், ஆனால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று தாண்டி வர நாளாகும், கடைசி வாரம் வரை விடாதீர்கள்.