குருத்வாராவில் சாப்பாடு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவோடு திரும்புகிறார்கள். வருகிற எல்லாருக்கும் இலவசமாகப் போடும் பொதுப்பந்தியான லங்கரில் பருப்பும் ரொட்டியும் பாயசமும் சாப்பிட்டவர்கள், "சீக்கியர்கள் சுத்த சைவம்" என்கிறார்கள். அன்று மாலையே கடைத்தெருவில் கடலைமாவும் ஓமமும் சேர்த்துப் பொரித்த அந்த ஊர் மீனை ஒரு கை பார்த்தவர்கள், "கோயிலுக்குள்தான் சைவ வேஷம், வெளியே எல்லாம் ஓடுகிறது" என்கிறார்கள். இரண்டுமே தப்பு. நம் கோயில்களில் பழகிய சைவம், தீட்டு, விரதம் என்ற கணக்கை அங்கேயும் போட்டுப் பார்ப்பதால் வரும் தப்பு. லங்கரில் இறைச்சி இல்லாததற்கு இறைச்சி தீட்டு என்பது காரணமல்ல. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரோடு உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட முடியவேண்டும், அவ்வளவுதான்.

குரு நானக் தொடங்கிவைத்த வழக்கம் இது. இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி நடத்திய லங்கரில் நெய் சேர்ந்த பாயசம் பரிமாறப்பட்டதைச் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலேயே ஒரு பாட்டு சொல்கிறது. மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்தில் "முதலில் பங்கத், பிறகு சங்கத்" என்று விதியே வந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் குருவைப் பார்க்கலாம். அவர் இருந்த கோயிந்த்வாலுக்கு வந்த பேரரசர் அக்பரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார் என்பது சீக்கிய மரபு. சாதி பார்த்துத் தண்ணீர் குடித்த காலத்தில் இப்படி ஒரு பந்தி போடுவது சாதாரண விஷயமல்ல. ஒருவர் மாட்டைத் தொடமாட்டார், ஒருவர் பன்றியைத் தொடமாட்டார், இன்னொருவர் எதையுமே தொடமாட்டார். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்க வேண்டுமானால் மிஞ்சுவது பருப்பும் ரொட்டியும்தான். பொற்கோயிலில் இன்றைக்கும் நாள்தோறும் அரை லட்சம் பேருக்கு மேல் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

இது புரிந்துவிட்டால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும். உதாரணமாக வெங்காயம், பூண்டு. நம் மடப்பள்ளிப் பழக்கத்தில், "கோயில் சாப்பாட்டில் வெங்காயமா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். லங்கர் பருப்பில் இரண்டுமே தாராளமாக விழும். விலக்கிவைப்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைத்தான். முட்டை என்றதும் நினைவுக்கு வரவேண்டியது கேக். குழந்தையின் பிறந்தநாளுக்கு லங்கரில் ஏதாவது கொடுக்கலாமே என்று பேக்கரி கேக்கோடு போய் நிற்பவர்கள் உண்டு. அது முட்டை போட்டதாக இருந்தால் வாங்கமாட்டார்கள். கொடுக்க ஆசைப்பட்டால் கோதுமை மாவு, பருப்பு, சர்க்கரை, நெய், பால் என்று சமைக்காத பொருளாகக் கொடுங்கள். சமைத்ததைக் கொண்டுபோவதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உண்மையான தடை எது?

இங்கேதான் அதிகக் குழப்பம். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 1945-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதித் தொகுப்பு ஒன்று உண்டு; ரெஹத் மரியாதா என்பார்கள். அமிர்தம் ஏற்ற, அதாவது தீட்சை பெற்ற, சீக்கியருக்கு அது நான்கு பெரிய விலக்குகளைச் சொல்கிறது: முடியை வெட்டுவது, குட்டா இறைச்சி, வாழ்க்கைத் துணையல்லாதவரோடு உறவு, புகையிலை. இரண்டாவதைக் கவனியுங்கள். "இறைச்சி" என்று பொதுவாகச் சொல்லவில்லை, "குட்டா" என்று சொல்கிறது. இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சி, அதாவது ஹலால், என்று அந்தத் தொகுப்பே விளக்கமும் தருகிறது. ஒரே வெட்டில் தலையைத் துண்டிக்கும் ஜட்கா முறை இறைச்சி இந்த விலக்குக்குள் வராது. பஞ்சாபிலும் டில்லியிலும் கறிக்கடைப் பலகைகளில் "ஜட்கா" என்று எழுதிவைத்திருப்பது இதற்காகத்தான். அமிர்தம் ஏற்றவர் ஜட்கா இறைச்சி சாப்பிடுவது விதிமீறல் அல்ல என்று சீக்கியரின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்த்திலிருந்து 1980-ல் விளக்கமும் வந்தது.

அதற்காக, "சீக்கியருக்கு இறைச்சி சாப்பிடலாம், விஷயம் முடிந்தது" என்று நாம் தீர்ப்பு எழுதிவிட முடியாது. அகண்ட கீர்த்தனி ஜத்தா என்னும் சீக்கிய அமைப்பைச் சேர்ந்தவர்கள் குட்டா என்றால் கொல்லப்பட்ட எந்த உயிரின் இறைச்சியும்தான் என்று பொருள்கொள்கிறார்கள். தம்தமி டக்ஸால் வழியினரும் இறைச்சியைத் தவிர்ப்பவர்கள். நாம்தாரிப் பிரிவினர் முழுச் சைவம். குரு கிரந்த சாகிபின் பாடல்களை வைத்து வழக்காடினாலும் இரு பக்கத்துக்கும் சான்று கிடைக்கும். குருக்ஷேத்திரத்தில் சூரிய கிரகண நேரத்தில் குரு நானக் மான்கறி சமைக்கச் செய்தார் என்று ஒரு மரபுக்கதை உண்டு. கிரகணத்தில் அடுப்பே மூட்டக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எது இறைச்சி, எது கீரை, எதில் பாவம் இருக்கிறது என்று தெரியாமல் மூடர்கள் சண்டை போடுகிறார்கள் என்ற பொருளில் வரும் அவர் பாடலை அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். அதே குரு கிரந்த சாகிபில் கபீர், எல்லாவற்றிலும் ஒரே இறைவன் இருக்கிறான் என்கிறீர்களே, பிறகு கோழியை ஏன் கொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தில், ஒரு சீக்கிய நண்பர் சொன்னதை எல்லாச் சீக்கியருக்கும் விதியாக்குவது நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு.

மாட்டிறைச்சி பற்றியும் ஒரு வரி. ரெஹத் மரியாதாவில் அதற்குத் தனி விலக்கு கிடையாது. ஆனாலும் பஞ்சாபில் பெரும்பாலோர் தொடுவதில்லை. பஞ்சாபை ஆண்ட சீக்கிய அரசர் ரஞ்சித் சிங் தம் ஆட்சியில் பசுவதையைத் தடை செய்திருந்தார். எழுதப்பட்ட விதி வேறு, ஊர்ப்பழக்கம் வேறு.

"எந்தக் குருத்வாராவிலும் இறைச்சியே கிடையாது" என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. நிஹாங் என்னும் நீலத் தலைப்பாகைப் போர்வீரர் பிரிவில் ஜட்கா பழைய வழக்கம். அந்த இறைச்சியை அவர்கள் மகாபிரசாத் என்றே சொல்வார்கள். மகாராஷ்டிரத்தின் நாந்தேடில் இருக்கும் ஹசூர் சாகிபில் விசேஷ நாட்களில் ஆடு வெட்டும் மரபு உண்டு. ஆனால் அங்கேயும் யாத்ரீகர்களுக்கான பொது லங்கர் சைவம்தான். விதிவிலக்கைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் போய்க் கேட்டுவைக்காதீர்கள்.

வாசலில் கவனிக்க வேண்டியது

"காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டேன், உள்ளே போகலாமா?" என்று தயங்கி வெளியிலேயே நிற்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். குளித்துவிட்டு வா, நாளைக்கு வா என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மதுவும் புகையிலையும் அப்படியல்ல. குடித்துவிட்டு வரக்கூடாது. சட்டைப்பையில் பீடி, சிகரெட், பான்பராக் எதுவும் இருக்கக்கூடாது. நம் ஆட்கள் இறைச்சிக்குக் காட்டும் பதற்றத்தில் பாதியைக்கூடப் புகையிலைக்குக் காட்டுவதில்லை. சீக்கியர் பார்வையில் நிலைமை தலைகீழ். பயணத்துக்குக் கட்டிவந்த பிரியாணிப் பொட்டலம் பையில் இருந்தால் அதையும் அறையிலோ வண்டியிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று திருமண விருந்து. பஞ்சாபிக் கல்யாண மண்டபத்தில் தந்தூரிக் கோழியும் மதுவும் ஓடும். அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் குருத்வாராவில் நடக்கும் ஆனந்த் காரஜ் என்னும் திருமணச் சடங்குக்குப் பிறகும் அதே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. குருத்வாரா வளாகத்துக்குள் லங்கர் சாப்பாடு மட்டுமே. மணமகன் வீட்டார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதுதான்.

பந்தியில்

தலையில் துணி, காலில் செருப்பில்லை. இது தரிசன மண்டபத்துக்கு மட்டுமல்ல, லங்கர் கூடத்துக்கும் பொருந்தும். தரையில் வரிசையாக உட்கார வேண்டும். முட்டிவலிக்காரருக்கு நாற்காலி கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் வசதிக்காக எல்லாருக்கும் மேசை நாற்காலி போடுவது சிறிய விஷயமல்ல. கனடாவில் இதை வைத்து அடிதடி வரை போய், லங்கர் தரையில்தான் என்று 1998-ல் அகால் தக்த் கட்டளையே போட்டது.

ரொட்டியைப் பர்ஷாதா என்பார்கள்; பிரசாதம் என்றே மதிக்கிறார்கள். பரிமாறுகிறவர் வரும்போது இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கையால் எட்டிப் பறிப்பது அங்கே கண்ணில் படும். வேண்டிய மட்டும் வாங்குங்கள். எத்தனை முறை கேட்டாலும் தருவார்கள், தட்டில் மிச்சம் வைப்பதுதான் பிடிக்காது. நம் கல்யாணப் பந்தியில் இலை நிறையப் போட்டுக்கொண்டு பாதியை மூடிவைக்கிற பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

கடா பிரசாதம் வேறு. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் சேர்த்துக் கிண்டி, கிர்ப்பான் என்னும் சிறு வாளால் தொட்டுப் புனிதப்படுத்திக் கொடுப்பது. உட்கார்ந்தபடி இரு கை ஏந்தி வாங்க வேண்டும். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு. சர்க்கரை நோய் இருந்தால் "தோடா" என்றால் போதும், கொஞ்சமாகத் தருவார்கள். கையில் ஒட்டிய நெய்யைத் தூணில் தடவுகிற வேலை வேண்டாம்.

வீட்டுக்குச் சீக்கியர் வந்தால்

அலுவலக நண்பரான சர்தாரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைக்கிறீர்கள். "பஞ்சாபிதானே, கறி இல்லாமல் எப்படி" என்று பாய் கடையில் இரண்டு கிலோ வாங்கி பிரியாணி போடுவது அன்பினால் செய்யும் தவறு. நம் ஊரில் கிடைக்கும் ஆட்டுக்கறியில் பெரும்பகுதி ஹலால். பெயர்பெற்ற பிரியாணிக் கடைகள் பலவும் அப்படியே. அமிர்தம் ஏற்றவருக்கு அது விலக்கு. அதே கையோடு, "சீக்கியருக்கு ஹலால் ஆகாதென்றால் முஸ்லிம்கள் மேல் வெறுப்பு" என்று முடிச்சுப்போடவும் வேண்டாம். தம் சமயத்துக்கு உரியதல்லாத சடங்கில் பலியான இறைச்சி வேண்டாம் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இன்னொரு பக்கம், முடி வெட்டிக்கொண்டு சாதாரணமாக இருக்கும் சீக்கியர்கள் பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. தலைப்பாகையைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "என்ன சாப்பிடுவீங்க, ஹலால் பரவாயில்லையா?" என்று இரண்டு நாள் முன்னதாகவே போனில் கேட்டுவிடுங்கள். சைவம் என்றால் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும், தயிரை மட்டும் கொஞ்சம் கூடுதலாக உறைக்குத்தி வையுங்கள்.