பூங்கொத்தியையும் புல்லுருவியையும் ஒப்பிடும்போது செய்யக்கூடாதவை

மாமரத்தில் "ச்சிக் ச்சிக்" என்று ஓயாமல் ஒரு குரல் கேட்டால், அதன் கிளையில் ஒட்டி வளரும் செடியான புல்லுருவியின் கொத்தைப் பாருங்கள். அங்கே சுமார் 8 செ.மீ. நீளமே உள்ள வெளிர் அலகுப் பூங்கொத்தி இருக்கக்கூடும். ஒரு பறவையையும் ஒரு பூச்செடியையும் சேர்த்து ஆராய விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

முதல் தவறு பெயரிலேயே நேர்கிறது. பறவையை இனம் வரை அடையாளம் கண்டுவிட்டு, செடிக்கு வெறுமனே 'புல்லுருவி' என்று எழுதுகிறார்கள். அது பல இனங்களுக்கும் பொதுவாக வழங்கும் பெயர். மாமரத்தில் நாம் அதிகம் பார்ப்பது டெண்ட்ரோப்தே ஃபால்கேட்டா என்ற அறிவியல் பெயருடைய இனம். இலை, பூ இரண்டையும் படமெடுத்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

பறவை கொத்தில் அலகை வைத்ததும் 'பழம் தின்றது' என்று குறிப்பதும் வேண்டாம். சில புல்லுருவிகளின் முற்றிய மொட்டு தானாக விரியாது. பூங்கொத்தி அலகால் அழுத்தினால்தான் திறக்கும். இத்தகைய இனங்கள் சிலவற்றை ஆராய்ந்த சூழலியலாளர் பிரியா டேவிதார், அவற்றின் மொட்டும் பழமும் ஒன்றுபோலத் தோன்றுவதை 1983-இல் எழுதினார். பறவையே குழம்பக்கூடிய இடத்தில் நாம் அவசரப்படலாமா? மகரந்தம் படிந்த முகமா, விழுங்கிய தொண்டையா என்று தொலைநோக்கியில் பொறுமையாகப் பாருங்கள்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. பத்து முறை குரல் கேட்டால் பத்துப் பறவைகள் அல்ல. ஒரே புதராகத் தெரிவதும் பல விதைகளிலிருந்து முளைத்ததாக இருக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 'பறவை நன்மை, செடி தீமை' என்று அட்டவணை போடுவதுதான். புல்லுருவி மரத்திலிருந்து நீரையும் தாதுக்களையும் உறிஞ்சுவது உண்மை; ஒட்டிய இடத்துக்கு அப்பால் கிளை காய்ந்துபோவதும் உண்டு. தோப்புக்காரர் அதை வெட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் பச்சை இலைகள் தமக்கான உணவைத் தாமே தயாரிக்கின்றன. இலையே இல்லாத ஒட்டுண்ணிக் கொடியான அம்மையார் கூந்தலோடு அதைச் சேர்க்கக் கூடாது. அதோடு, அதை அங்கே நட்டதே பெரும்பாலும் பறவைதான். விழுங்கிய பழத்தின் விதை, பிசின் போர்த்தபடி எச்சத்தோடு வெளிவரும். எளிதில் உதிராத அதை, பூங்கொத்தி பின்புறத்தைக் கிளையில் தேய்த்து அங்கேயே ஒட்டவைத்துவிட்டுப் பறக்கும்.